இரவல் சிரிப்பு

சின்னக்காவுக்குச் சொந்தமாக ஒரு சிரிப்பு கிடையாது. இதை அவளே கண்டுபிடித்தபோது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஒரு கையில் சீப்பு, இன்னொரு கையில் கத்தரிக்கோல், எதிரே நாற்காலியில் பாதி முடி வெட்டிய நிலையில் மருந்துக் கடைக்காரரின் மனைவி.

அந்த அம்மாள் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுக்காரர், கடை நிறைய இருமல் மருந்து வைத்திருக்கும் மனிதர், இருட்டில் தடவி, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை எடுத்து ஒரு மூடி குடித்துவிட்டாராம். இருமலும் நின்றுவிட்டதாம். கதை முடிந்த இடத்தில் சின்னக்கா தலையை இடப்பக்கம் சாய்த்து, பல் தெரிய, கடைசியில் மூச்சை ஒரு தரம் உள்ளே இழுத்துச் சிரித்தாள். "அப்படியே உங்க அக்கா சிரிக்கிற மாதிரியே இருக்கு. கண்ண மூடிக்கிட்டா அவங்களேதான்" என்றார் அந்த அம்மாள். பாராட்டாகத்தான் சொன்னார், பாவம். சின்னக்கா நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். அங்கே தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது அக்காதான். தன் முகத்தை அதற்குள் எங்கே தேடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தத் தெருவில் பியூட்டி பார்லரைத் திறந்தபோது இருந்தது இரண்டு பேர். கூடப்பிறந்தவர்கள். மூத்தவளைப் பெரியக்கா என்றும் இளையவளைச் சின்னக்கா என்றும் வாடிக்கையாளர்கள் கூப்பிட்டார்கள். அறுபது வயதுக்காரிகளும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பார்லருக்குள் யாருக்கும் வயது கிடையாது, அது தொழில் தர்மம். இப்போது பெரியக்கா அங்கே இல்லை. அவள் கோபித்துக்கொண்டு போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இருந்தாலும் சின்னக்கா சின்னக்காவாகவே நின்றுவிட்டாள். பெரிய ஆள் போனாலும் இவள் பெரியவளாகவில்லை.

பேச்சில் அவளை யாரும் மிஞ்ச முடியாது என்பது தெருவின் அபிப்பிராயம். "அப்புறம்?" என்று அவள் கேட்கிற அழகில் கல்லும் வாய் திறந்து குடும்பக் கதையைச் சொல்லிவிடும். அதெல்லாம் கடையில். வீட்டில் அவள் பேசுகிற மொத்தப் பேச்சை ஒரு சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். அவள் புருஷன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று வேலை பார்த்துப் பழகிய மனிதர் என்பதால் பெரிய குறை ஒன்றும் சொல்வதில்லை. எப்போதாவது மட்டும், "கடைல கிளி மாதிரிப் பேசற. வீட்டுக்கு வந்தா வாடகைக்குக் குடிவந்தவ மாதிரி ஒதுங்கி உக்காந்திருக்க. நான் முடி வளத்துக்கிட்டு உன் கடைக்கே வந்துடவா?" என்று கேட்பார். அவருக்கு வழுக்கை.

மருந்துக் கடை அம்மாள் சொன்ன வார்த்தை அவளை ஏன் அப்படித் தாக்கியது என்பதற்கு இன்னொரு கதை இருக்கிறது. அதற்குச் சில மாதம் முன்னால், ஒரு பள்ளிக்கூட டீச்சருக்குத் தலைக்குச் சாயம் பூசிவிட்டு, துவாலை எடுக்கப் பின்னறைக்குப் போனாள். அங்கே கிளிப் டப்பா கலைந்து கிடந்தது. துவாலையை மறந்தாள், டீச்சரை மறந்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கிளிப்புகளை நிறம் பார்த்து, நீளம் பார்த்து, அடுக்க ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் பத்திரிகையில் மூழ்கிய ஆள். கடைசியில் தலையைக் கழுவிப் பார்த்தால் பழுப்பு நிறம் வரவேண்டிய முடி செங்கல் நிறத்தில் பளபளத்தது.

வேறு யாராக இருந்தாலும் தெருவையே கூட்டியிருப்பார்கள். அந்த டீச்சர் படிப்பில் தனிக் கவனம் வேண்டிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர். கண்ணாடியில் தன் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே. எங்கிட்டப் படிக்கிற பசங்கள்ல பாதிப் பேர் உங்கள மாதிரிதான். ஒரு டாக்டரப் பாருங்க" என்றார். செங்கல் தலையோடு புத்தி சொன்ன புண்ணியவதி உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

டாக்டர் ஒரு பெண். நிதானமானவர். பல கேள்விகள் கேட்டு, சில சோதனைகள் செய்து, ஏ.டி.எச்.டி. என்றார். கவனம் ஓர் இடத்தில் நிற்காது, நின்றால் அந்த இடத்தை விட்டு நகராது, சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும், பெண்பிள்ளை என்பதால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். புருஷன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அடடா, இத்தனை நாள் உன்ன மறதிக்காரின்னு திட்டினதெல்லாம் வீணாப் போச்சே. அதையெல்லாம் இப்ப யார்கிட்டத் திருப்பி வாங்கறது?" என்று சிரித்தார். அன்று இரண்டு பேருக்கும் சந்தோஷமாகவே இருந்தது. எரிந்து போன பாத்திரம், தொலைந்த சாவி, பாதியில் விட்ட தையல், எல்லாவற்றுக்கும் ஒரு பதில் கிடைத்துவிட்டது.

வந்தது வேறு வினை. மாத்திரை வேலை செய்தது, தலைக்குள் இருந்த இரைச்சல் அடங்கியது. சந்தை கலைந்த பிறகுதானே தரையில் என்னென்ன கிடக்கிறது என்று தெரியும்? டியூப்லைட் ரீங்காரம் பண்ணுவது அவளுக்கு இப்போது நன்றாகக் கேட்டது. ஹேர் டிரையரைப் போட்டால் பல் கூசியது. அது எப்போதுமே கூசியிருக்கிறது, கவனித்ததில்லை, அவ்வளவுதான். காலையில் கடைக்கு நடக்கும்போது, அன்றைக்கு யார் யார் வருகிறார்கள், என்ன கேட்பார்கள், தான் என்ன சொல்ல வேண்டும் என்று நாடகக்காரி வசனம் பார்ப்பது போல ஒப்பித்துக்கொண்டே போகிறோம் என்பது தெரிந்தது. கடை மூடியதும் பின்னறையில் அழுக்குத் துவாலைக் கூடைக்குப் பக்கத்தில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாளே, அது களைப்பினால் இல்லை என்பதும் தெரிந்தது.

சீப்பு விஷயமும் அப்படித்தான். பல்லின் அகலம் பார்த்து வரிசையாகச் சீப்புகள் இருக்க வேண்டும். ஒன்று இடம் மாறினாலும் நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். ஆனால் இடம் மாற்றி வைப்பவளும் அவளேதான். அவளுக்குள் ஒருத்தி அடுக்கிக்கொண்டே இருந்தாள், இன்னொருத்தி கலைத்துக்கொண்டே இருந்தாள், இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள். கலைக்கிறவளுக்கு டாக்டர் பெயர் சொல்லிவிட்டார். அடுக்குகிறவள் யார்?

அதைத்தான் அவள் அடுத்த முறை டாக்டரிடம் கேட்டாள். சிரிப்பைப் பற்றியும் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்றதப் பாத்தா ஆட்டிசமும் இருக்கலாம். ரெண்டும் சேந்து வர்றது ஒண்ணும் அதிசயம் இல்ல. ஒண்ணு இன்னொண்ண மறைச்சிடும். நீங்க வேற, மத்தவங்களப் பாத்துப் பாத்துப் பழகி, நல்லாவே மறைச்சிருக்கீங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போல நாற்பது வருஷம் ஒரு மனுஷி தன்னையே மறைத்துவைத்திருந்தால், அதைக் கெட்டிக்காரத்தனம் என்பதா, கொடுமை என்பதா? சின்னக்காவுக்கு அன்று இரண்டும் தோன்றவில்லை. பயம்தான் வந்தது. "நிச்சயமாத் தெரிஞ்சுக்க முடியுமா டாக்டர்?" என்றாள்.

"தெரிஞ்சுக்கலாம். உங்கள ரொம்பச் சின்ன வயசுல கூட இருந்து பாத்தவங்க யாராவது வந்து பேசணும். அப்ப எப்படி இருந்தீங்கன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்காது. அம்மா இருக்காங்களா?"

அம்மா இல்லை. அப்பா அதற்கும் முன்னால் போய்விட்டார். மிச்சம் இருப்பது ஒரே ஒருத்தி. அவளோ இவள் முகத்தில் விழிப்பதில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது புருஷன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஒரு பட்டம் வாங்கினது போதாதா? மேல்படிப்பும் வேணுமா?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பதை அவள் கொஞ்ச நாளாக நிறுத்திவைத்திருந்தாள். அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "உங்க அக்காகிட்டப் போகணும். அதானே? போ. அடிச்சா வாங்கிக்கிட்டு வா" என்றார்.

பெரியக்கா கோபித்துக்கொண்ட கதை இது. அவள் புருஷன் வேலைக்குப் போன இடத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அத்தான் நல்ல மனிதர். சின்னக்காவிடம் பதில் எதிர்பார்க்காமல் பேசத் தெரிந்த ஒரே ஆள். அன்று கடையில் தனியாக இருந்த சின்னக்கா, செய்தி வந்ததும் கத்தரிக்கோலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினாள். கூடம் முழுக்க நாற்காலிகள், ஆட்கள், பேச்சு. பெரியக்கா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். சின்னக்கா குனிந்து அவள் தோளில் கை வைத்தாள். தலையை இடப்பக்கம் சாய்த்தாள். சொன்னாள்: "மனசத் தேத்திக்கங்க. நேரத்துக்கு ஒரு வாய் சாப்பிடுங்க. போனவங்க எங்கயும் போகல, நம்ம கூடத்தான் இருக்காங்க."

வார்த்தைக்கு வார்த்தை அது பெரியக்கா பார்லரில் சொல்லும் ஆறுதல். வீட்டில் சாவு விழுந்த வாடிக்கையாளர் யார் வந்தாலும் இதே கை, இதே தலைச் சாய்ப்பு, இதே மூன்று வாக்கியம். மரியாதை கூட மாறவில்லை. கூடப்பிறந்தவளை நீங்க வாங்க என்று சொன்னாள் சின்னக்கா. பெரியக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"நான் உனக்குக் கஸ்டமராடீ?"

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் துக்கத்துல கூட என்ன நடிச்சுக் காட்டுறியா? எழுந்து வெளிய போ. என் கண்ணு முன்னால நிக்காத."

சின்னக்கா போய்விட்டாள். என்ன தப்பு நடந்தது என்று அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. வழியெல்லாம் சரிபார்த்துக்கொண்டே நடந்தாள். கை வைத்தது சரி, சாய்ந்தது சரி, வார்த்தை ஒன்றும் விட்டுப்போகவில்லை. எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் எழுதிவிட்டு முட்டை வாங்கினவள் மாதிரி வீடு வந்து சேர்ந்தாள். பெரியக்கா அதற்குப் பிறகு பார்லர் பக்கம் வரவில்லை. போனை எடுக்கவில்லை. இரண்டு தடவை சின்னக்கா அவள் வாசல் வரைக்கும் போனாள். கதவைத் தட்டினால் என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்பதற்கும் அவளிடம் இருந்தது அக்காவின் வார்த்தைகள்தான். திரும்பி வந்தாள். அப்புறம் நாளைக்குப் போகலாம் என்று இருந்தாள். அவளுடைய நாளைக்கு எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். நாளை, அடுத்த வாரம், தீபம் அணைந்தது தெரியாமல் எண்ணெய் தேடிக்கொண்டிருந்த கதையாக வருஷங்கள் ஓடிவிட்டன.

பெரியக்கா இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் முடி வெட்டுகிறாள். சின்னக்கா போனபோது அவள் ஜன்னலோரம் ஒரு பெரியவரை உட்காரவைத்து, கழுத்தில் துணி கட்டி, வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. சாயம் பூசுகிறவளே சாயம் பூசிக்கொள்ளவில்லை. அறையில் கண்ணாடி இல்லை. அங்கே இருப்பவர்களுக்குக் கண்ணாடி பார்க்கப் பிடிக்காதாம்.

கண்ணாடி இல்லாதது சின்னக்காவுக்கு இடியாக இறங்கியது. அவள் யாருடைய கண்ணையும் நேரே பார்த்தவள் அல்ல. இருபது வருஷமாக எல்லோரையும் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறாள். கண்ணாடியில் கண் சுடாது. அக்காவும் தங்கையும் கூடப் பார்லரில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள், ஒருத்திக்கு ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு. இப்போது பெரியக்கா நேரே அவளைப் பார்த்தாள். சின்னக்கா பெரியவரின் காதைப் பார்த்தாள்.

"என்ன வேணும்?" என்றாள் பெரியக்கா.

பஸ்ஸில் வரும்போது ஒப்பித்துவைத்த பேச்சு ஒன்று தொண்டை வரைக்கும் தயாராக வந்து நின்றது. 'எப்படி இருக்கீங்க, பாத்து எவ்வளவு நாளாச்சு' என்று தொடங்கும் பேச்சு. அதை அவள் விழுங்கினாள். வேறு எதுவும் தயாராக இல்லாததால் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. ஆட்டிசமும் இருக்கலாமாம். சின்ன வயசுல நான் எப்படி இருந்தேன்னு சொல்ல ஆள் வேணும். அம்மா இல்ல. நீதான் இருக்க."

"காதுகிட்டப் பாத்தும்மா" என்றார் பெரியவர். அவருக்குக் காது மந்தம்.

பெரியக்கா கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. "ஒன்பது வருஷம் கழிச்சு வந்திருக்க. என்னடா, அக்கா செத்தாளா இருக்காளான்னு பாக்க வந்தாளாக்கும்னு நெனச்சேன். உனக்கு ஒரு சர்ட்டிபிகேட் வேணும், அதுக்கு நான் சாட்சி. அவ்வளவுதான?"

"ஆமா" என்றாள் சின்னக்கா. பிறகு, "இல்ல" என்றாள்.

"கிருதாவ ரொம்ப ஏத்திடாத. கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆயிடப் போறேன்" என்றார் பெரியவர்.

"ஆக மாட்டீங்க, பயப்படாதீங்க" என்று அவர் காதருகே குனிந்து சத்தமாகச் சொல்லிவிட்டு, பெரியக்கா நிமிர்ந்தாள். குரல் தாழ்ந்திருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதுக்கு உண்மையாப் பதில் சொல்லு. அன்னிக்கு, உங்க அத்தான் போன அன்னிக்கு, உன் மனசுல என்னதான்டீ இருந்துச்சு?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளைக் கேட்டதில்லை. மனசில் என்ன இருந்தது என்று அவள் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியிருந்தது. நேரமானது. பெரியக்கா காத்திருந்தாள். அந்தப் பெரியவரும் என்னவோ ஏதோவென்று அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"கூடத்துல ஒரே சத்தமா இருந்துச்சு. எல்லாரும் ஒரே நேரத்துல பேசினாங்க. அத்தானோட பனியன் ஒண்ணு கொடியில காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அதை யாராவது எடுத்துடப் போறாங்கன்னு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ அழுத. நீ அழுது நான் பாத்ததே இல்ல. எதையாவது சொல்லி நிறுத்தணும்னு இருந்துச்சு. எனக்கு என்ன சொல்லணும்னு தெரியல. எங்கிட்ட இருந்த வார்த்தைலயே நல்ல வார்த்தை உன்னோடதுதான்க்கா. அதத்தான் எடுத்துக் குடுத்தேன்."

கத்தரிக்கோல் நின்றுவிட்டது. பெரியக்கா பெரியவரின் கழுத்துத் துணியை அவிழ்த்து உதறினாள். ஒரு பக்கக் கிருதா இன்னும் வெட்டவே இல்லை, அவள் கவனிக்கவில்லை. "எப்ப வரணும்?" என்று கேட்டாள்.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். சொன்ன நாளில் பெரியக்கா வந்தாள். தங்கைக்கும் தனக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தாள். டாக்டர் கூப்பிட்டதும் முன்னால் எழுந்து போனாள்.

"சின்ன வயசுல உங்க தங்கச்சி எப்படி இருப்பாங்க?" என்று டாக்டர் கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி வந்தது. சட்டையின் உள்பக்கத்தில் தைத்திருக்கும் துணி லேபிளைக் கத்தரித்து எடுத்தால்தான் சட்டை போடுவாள். மிக்ஸி ஓடினால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். தையல் மிஷின் சக்கரத்தை விட்டால் நாளெல்லாம் சுற்றிக்கொண்டிருப்பாள். தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டக் கூடாது. ரேடியோவில் வரும் விளம்பரத்தை அச்சுப் பிசகாமல் அதே குரலில் சொல்வாள். யாராவது பெயர் கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

சின்னக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரோ ஒரு சிறுமியின் கதை போல இருந்தது. அந்தச் சிறுமியை அவளுக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு நாள் அவளை எங்கே விட்டுவைத்திருந்தோம் என்று துக்கமாகவும் இருந்தது.

"அப்புறம் எப்படிப் பேச ஆரம்பிச்சாங்க?" என்றார் டாக்டர்.

பெரியக்கா சட்டென்று நிறுத்தினாள். கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"நான்தான் ஆரம்பிச்சு வெச்சேன். என்னையும் ரேடியோவோட அக்கான்னு கேலி பண்ணுவாங்க டாக்டர். எனக்கு அவமானமா இருந்துச்சு. எனக்கும் சின்ன வயசுதான், பதினொண்ணோ பன்னண்டோ. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பீரோ கண்ணாடி முன்னால இவள நிறுத்துவேன். நான் சிரிக்கிற மாதிரி சிரி. தலைய இப்படிச் சாய். யாராவது பேசி முடிச்சா அப்புறம்னு கேளு. தப்பாப் பண்ணினா கையில கிள்ளுவேன். சிவந்து போற அளவுக்குக் கிள்ளுவேன். தினமும் நடந்துச்சு. ஒரு வருஷத்துல சரியாப் போச்சு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், சின்னது திருந்திடுச்சுன்னு."

டாக்டர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. இன்னும் சில சோதனைகள் பாக்கி இருக்கின்றன, அவையும் முடியட்டும், ஆனால் இதுவரை கேட்டதில் தனக்குச் சந்தேகம் அதிகம் இல்லை என்று சின்னக்காவைப் பார்த்துச் சொன்னார். இது நோய் இல்லை, மருந்து கொடுத்து மாற்றுகிற விஷயமும் இல்லை, இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாக நீங்கள் நீங்களாக இருந்து பார்க்கலாம் என்றார். சின்னக்கா தலையாட்டினாள். நீங்களாக இருங்கள் என்று நாற்பது வயதுக்கு மேல் ஒருத்தியிடம் சொல்வது எவ்வளவு சுலபம். இருப்பதற்கு முதலில் ஆள் கிடைக்க வேண்டாமா?

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. நிழற்குடையின் கீழே ஒரு பெஞ்சு இருந்தது. பெரியக்கா அதில் உட்கார்ந்து, எதிர்ப்பக்கக் கடைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கிள்ளினது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்ல. நீ என்கூட விளையாடினதுதான் ஞாபகம் இருக்கு. கண்ணாடி விளையாட்டு. மத்த நேரத்துல நீ உன் பிரெண்ட்ஸோட போயிடுவ. அப்ப மட்டும்தான் என்கூட இருப்ப. சாயந்தரம் எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருப்பேன்."

பெரியக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

"உன்ன மன்னிச்சுடலாம்னுதான்டீ இன்னிக்குக் கிளம்பி வந்தேன். பஸ்ல வர்றப்ப அதான் நெனச்சுக்கிட்டு வந்தேன். பெரிய மனசு பண்ணி மன்னிச்சுடலாம், வயசாச்சுன்னு. இப்பப் பாத்தா மன்னிக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. நான் சொல்லிக்குடுத்தத நீ எங்கிட்டயே சொல்லியிருக்க. அப்ப நான் இத்தனை வருஷம் யார் மேலடீ கோவமா இருந்தேன்?"

சின்னக்காவுக்குக் கை தானாக எழுந்தது. அக்காவின் தோளுக்குப் போகவேண்டிய கை. கழுத்து இடப்பக்கம் சாயத் தயாராக இருந்தது. வாக்கியமும் வந்து நின்றுவிட்டது, 'நடந்தது நடந்துபோச்சு, அதையே நெனச்சு மனச வருத்திக்காதீங்க' என்று. அதுவும் பார்லர் வாக்கியம்தான். அவள் கையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள்.

ஒரு பஸ் வந்தது. பெரியக்காவின் வழியில் போகிற பஸ்தான். பெரியக்கா எழுந்திருக்கவில்லை, அது போய்விட்டது.

"ஏதாவது சொல்லேன்டீ."

"தேடறேன்க்கா. ஒண்ணும் வரல."

"வரலன்னா போகுது விடு."

எதிர்க் கடைக்காரர் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே போனார். சின்னக்கா அக்காவின் செருப்பைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், வளையல் இல்லாத மணிக்கட்டைப் பார்த்தாள். அத்தான் இல்லாத அந்த வீட்டின் கூடம் அவள் நினைவுக்கு வந்தது. எல்லோரும் எழுந்து போன பிறகு நாற்காலிகளையெல்லாம் யார் எடுத்து அடுக்கியிருப்பார்கள் என்று அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது. அடுத்த நாள் அந்த வீட்டில் யார் இருந்திருப்பார்கள்? அதற்கடுத்த நாள்?

"அத்தான் போனதுக்கப்புறம் நீ தனியா இருந்திருக்க" என்றாள்.

பெரியக்கா திரும்பி அவளைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "தனியாத்தான் இருந்தேன்."